அல்லங்காடி விளக்குகள்: காவிரி நகரங்களின் இரவு வாழ்வு

தமிழில் நகரத்தைப் பாடிய பழம்புலவர் எவரும் கடைத்தெருவைத் தவிர்த்துப் பாடியதில்லை. மன்னன் புகழைச் சொல்ல எழுந்த பாட்டும் முதலில் அங்காடிக்குள் நுழையும். அங்கே குவிந்த பண்டத்தையும், வேகின்ற சோற்றையும், விடியும்வரை எரியும் விளக்கையும் காட்டிய பின்னரே அரண்மனை வாயிலுக்குச் செல்லும். வாணிகம் ஒரு நூலில், உணவு ஒரு நூலில், கலை ஒரு நூலில் என்று நகர வாழ்வைக் கூறுபோட்டு எழுதுவது பிற்கால வரலாற்றாசிரியர் கண்ட முறை. அம்முறையால் விளைந்த நன்மை பல. ஆயினும் பண்டமும் பாட்டும் தனித்தனி ஏடுகளில் சென்று சேர்ந்தபோது, இரண்டையும் ஒரே இரவில் தாங்கி நின்ற மக்கள் எந்த ஏட்டிலும் முழுமையாக இடம்பெறாது போயினர். காவிரிப் படுகையைப் பொறுத்தவரை அவர்களுள் பெண்களே மிகுதி. அந்நகரங்களின் இரவை அவர்களை முன்னிறுத்திப் பார்த்தால், பழகிய வரலாறு சற்றே வேறு முகம் காட்டுகிறது.

சோழநாட்டு நகர வாழ்வில் இரவுக்கு இத்துணைச் சிறப்பு வாய்த்ததற்கு முதற்காரணம் வெயில். பங்குனி பிறந்ததும் நண்பகலில் தெருவில் நடமாட்டம் ஓய்ந்துவிடும். வாங்குதலும் விற்றலும், உண்ணலும் உறவாடலும், ஆடலும் பாடலும் பொழுது சாய்ந்து கடற்காற்று உள்நாட்டுக்கு ஏறிய பின்னரே உயிர்பெறும். பகற்கடைக்கு நாளங்காடி என்றும் இரவுக்கடைக்கு அல்லங்காடி என்றும் இருவேறு சொற்களை ஆக்கிவைத்த மொழி தமிழ். அல் என்பது இரவு. மதுரையின் அல்லங்காடியை மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் விரித்துரைக்கிறார். காவிரிப்பூம்பட்டினத்தின் இரவோ பட்டினப்பாலையிலும் சிலப்பதிகாரத்திலும் விளக்குகளாகவே வந்து நிற்கிறது.

புகாரின் இரவு

கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் புகாரில் கடல்வழி வந்த குதிரைகளும், வண்டிகளில் வந்த மிளகு மூடைகளும், வடமலைப் பொன்னும் மணியும், குடமலைச் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்தும், கீழ்க்கடல் பவளமும், கங்கை நாட்டுப் பொருள்களும், ஈழத்து உணவும், கடாரத்து ஆக்கமும் தெருவில் மயங்கிக் கிடக்கின்றன. இப்பட்டியலை மேற்கோள் காட்டாத வாணிக வரலாற்று நூல் இல்லை. ஆனால் அதே பாட்டில் அட்டிற்சாலைகளில் சோறு வடித்த கஞ்சி தெருவில் ஆறுபோல் ஓடுவதும், அதனைக் குடிக்க வந்த காளைகள் பொருது சேறாக்குவதும், அச்சேறு உலர்ந்து தேரோட்டத்தில் துகளாகி வெண்சுதை மாடங்களின்மேல் படிவதும் அதே அளவு கருத்தோடு சொல்லப்படுகின்றன. ஏற்றுமதி இறக்குமதியைப் பேசும் நூல்கள் இந்தக் கஞ்சியைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. துறைமுகத்துக்கு வந்த வேற்று நாட்டாரும் சுமை தூக்குவோரும் எங்கே உண்டனர் என்ற வினாவுக்கு இருக்கும் மிகப் பழைய விடைகளுள் இது ஒன்று.

இப்பாட்டில் இன்னொரு காட்சியும் உண்டு. கடலில் மீன்பிடிக்கச் சென்ற பரதவர் பின்னிரவில் கரையை நோக்குகின்றனர். உயர்ந்த மாடங்களில் அவியாமல் எஞ்சிய விளக்குகளை எண்ணுகின்றனர். நகரத்தின் இன்பத்தை உள்ளிருந்து நுகர்வோர் சிலர். அதனை வெளியிலிருந்து எண்ணிக்கொண்டு தம் தொழிலைப் பார்ப்போர் பலர். புலவர் இருவரையும் ஒரே காட்சியில் வைத்தார்.

இளங்கோவடிகள் நகரை மேலும் நுணுகிப் பார்க்கிறார். கடலை ஒட்டியது மருவூர்ப்பாக்கம். உள்ளே அமைந்தது பட்டினப்பாக்கம். இரண்டுக்கும் இடையே மரச்செறிவில் கூடியது நாளங்காடி. மருவூர்ப்பாக்கத்தில் யவனர் இருக்கையும், பட்டும் பருத்தியும் நெய்வோர் வீதியும், கூலக்கடைகளும் இருந்தன. பிட்டு விற்போர், அப்பம் சுடுவோர், கள் விற்கும் பெண்கள், மீனும் உப்பும் விற்போர், வெற்றிலை விற்போர் என எளிய வாணிகர் பலரும் அங்கேயே வாழ்ந்தனர். நாளங்காடிப் பூதத்திற்குப் பெண்கள் புழுக்கலும் பூவும் புகையும் படைத்துத் துணங்கையும் குரவையும் ஆடினர். அங்காடியும் வழிபாடும் ஆட்டமும் ஒரே மரநிழலில் நிகழ்ந்தன.

கடலாடு காதையில் இரவு வருகிறது. மாதவியும் கோவலனும் கடற்கரைக்குச் செல்லும்போது மணற்பரப்பெங்கும் விளக்குகள். வண்ணமும் சாந்தும் விற்போர் விளக்கு, பொற்கொல்லர் விளக்கு, பிட்டு வாணிகர் விளக்கு, அப்பம் சுடுவோரின் கரிய அகல் விளக்கு, பண்டம் விற்கும் பெண்டிர் கடைவிளக்கு, மீன் விற்போர் விளக்கு, மரக்கலங்களை அழைக்கும் கலங்கரை விளக்கு, பல மொழி பேசும் அயல்நாட்டார் இருப்பிடங்களில் அவியாத விளக்கு. ஒவ்வொரு விளக்குக்கும் உடையவர் யார் என்று சொல்லியே அடிகள் கடந்து செல்கிறார். உலக இலக்கியத்தில் ஒரு நகரத்தின் இரவுக்கடையை இவ்வாறு விளக்கு விளக்காகப் பதிந்த பனுவல்கள் மிகச் சிலவே இருத்தல் கூடும்.

இக்காப்பியத்தின் சிக்கல் தொடங்குவதே ஒரு கொள்வனவில்தான் என்பது நோக்கத்தக்கது. பன்னிரண்டாம் வயதில் அரங்கேறிய மாதவி தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சு பொன் மதிப்புள்ள மாலையும் பெற்றாள். அம்மாலையைக் கூனி ஒருத்தி நகரத்துச் செல்வ இளைஞர் திரியும் தெருவில் விலைக்கு நிறுத்தினாள்; மாலையை வாங்குவோன் மாதவிக்கு உரியவன் ஆவான் என்பது நிபந்தனை. கோவலன் வாங்கினான். அரங்கில் கலைக்குக் கிடைத்த பரிசு அடுத்த கணமே தெருவில் விலையாக மாறுகிறது. கலைமகளின் சிறப்பும் அவள் விற்பனைக்கு வைக்கப்பட்டதும் ஒரே மாலையில் கோக்கப்பட்டுள்ளன. பின்வந்த ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளில் காவிரிக்கரை இந்தச் சிக்கலிலிருந்து விடுபடவில்லை.

புகாரைக் கடல் கொண்டதாக மணிமேகலை கூறுகிறது. 1960-களில் இந்தியத் தொல்லியல் துறையினர் அப்பகுதியில் அகழ்ந்தபோது கீழையூரில் செங்கற் படகுத்துறையும் பல்லவனேச்சுரத்தில் பௌத்த விகாரத்தின் பகுதிகளும் வெளிப்பட்டன. கட்டடத்தின் அடிப்பகுதி கிடைத்தது. அப்பம் சுட்டவளின் அகல் பாட்டில் மட்டுமே கிடைக்கிறது.

நானூறு வீடுகள்

துறைமுகம் தளர்ந்த பின்னர் சோழநாட்டு நகர வாழ்வின் மையம் ஆற்றின் மேற்பகுதிக்கு நகர்ந்தது. 9-ஆம் நூற்றாண்டின் நடுவில் விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றினான். அவன் வழிவந்த முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த பெரிய கோயில் 1010-இல் நிறைவெய்தியது. அதன் கல்வெட்டுகளைப் பத்திமைச் சான்றாகவும் ஆட்சிச் சான்றாகவும் படித்தோர் பலர். ஒரு நகரத்தின் அன்றாடப் பேரேடாகவும் அவற்றைப் படிக்கலாம். கோட்டைக்கு உட்பகுதி உள்ளாலை, வெளிப்பகுதி புறம்படி. திரிபுவனமாதேவிப் பேரங்காடி என்ற கடைத்தொகுதியும், சூரசிகாமணிப் பெருந்தெரு போன்ற வணிகத் தெருக்களும் பெயர் சுட்டப்படுகின்றன. பேரங்காடிக்கு அரசியின் பெயர் வைத்த நகரம் அது.

அந்நகரத்தின் இரவுக்கு நெய் வேண்டும். ஒரு திருவிளக்கு நாள்தோறும் எரிய ஓர் உழக்கு நெய். அதற்கு ஈடாக 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. இவ்வாறு பெற்றவர் தலைமுறை தலைமுறையாக நெய் அளக்கக் கடமைப்பட்டவர். கோயில் இரவில் ஒளிர்ந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அந்த ஒளியின் பின்னே, தஞ்சையைச் சூழ்ந்த மேய்ச்சல் வெளிகளில் ஆயிரக்கணக்கான கால்நடைகளும் அவற்றின் பின்னே நடந்த மனிதரும் இருந்தனர்.

மற்றொரு கல்வெட்டு இன்னும் வியப்புக்குரியது. சோழநாட்டின் பற்பல ஊர்த் தளிகளிலிருந்து நானூறு பெண்களை இராசராசன் தஞ்சைக்குக் கொண்டுவந்து, பெரிய கோயிலை ஒட்டிய தளிச்சேரித் தெருக்களில் குடியமர்த்தினான். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஒரு வேலி நிலத்தின் விளைவாக ஆண்டுக்கு 100 கலம் நெல். எந்தச் சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவள், அவள் பெயர் என்ன என்று நானூறு பேருக்கும் தனித்தனியே கல்லில் வெட்டியுள்ளனர். அவர்களோடு நட்டுவரும், இசைப்போரும், கொட்டுவோரும், தையற்காரரும், தச்சரும், குயவரும், நாவிதரும், வண்ணாரும், கணக்கரும் பங்கு பெற்றனர்.

இக்கணக்கை மற்றொரு கணக்கோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்கப் பிடாரர் 48 பேரும் கொட்டுவோர் இருவருமாக 50 பேரை அரசன் அமர்த்தினான். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். பன்னிரு குறுணி ஒரு கலம் என்ற கணக்கில் ஆண்டுக்குச் சற்றேறக்குறைய 90 கலம் வரும். தேவாரம் ஓதிய ஆடவரைவிடத் தளிச்சேரிப் பெண்ணுக்குப் பத்துக் கலம் அளவுக்குக் கூடுதலாகவே கிடைத்தது, வீடும் கிடைத்தது. பங்கு பெற்றவர் இறந்தாலும் வேற்றிடம் சென்றாலும் அடுத்த உறவினர் அப்பணிக்குத் தகுதியுடையவராயின் அப்பங்கைப் பெறுவர். தகுதி இல்லையேல் தகுதியுள்ள வேறொருவரைத் தெரிந்து அமர்த்த வேண்டும். தகுதி என்ற சொல் கல்லில் நிற்கிறது. மாதவியின் மாலை தெருவில் விலை கூறப்பட்டது. இவர்களின் பங்கு நெல்லாக அளக்கப்பட்டது. ஆயினும் இவர்கள் தம் ஊர்களை விட்டுத் தாமாக வந்தனரா, கொண்டுவரப்பட்டனரா என்பதைக் கல்வெட்டின் வினைச்சொல்லே உணர்த்திவிடுகிறது. அரசனின் கொடையைப் போற்றுவோர் இந்த வினைச்சொல்லை விரைந்து கடந்துவிடுவதுண்டு.

இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கும் அவன் வழியினருக்கும் ஆண்டுக்கு 120 கலம் நெல் வழங்கியதைக் கூறுகிறது. நாடகத்தின் ஏடு கிடைக்கவில்லை. கூலி மட்டும் கல்லில் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரியூட்டினான். தளிச்சேரியின் வீட்டு வரிசைகள் எப்போது கலைந்தன என்பதைச் சொல்லக் கல்வெட்டு எதுவும் வெட்டப்படவில்லை.

நள்ளிரவு மணி

நாயக்கர் ஆட்சியில் 16-ஆம் நூற்றாண்டில் தஞ்சை மீண்டும் தலைநகர் ஆயிற்று. இரகுநாத நாயக்கர் 1620-இல் டேனியரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் அவர்கள் கோட்டை கட்ட இடமளித்தார். கடல் வாணிகம் மறுபடியும் படுகையின் வாயிலுக்கு வந்தது. அவருடைய அவையில் இராமபத்ராம்பா, மதுரவாணி என்ற பெண்பாற் புலவர்கள் வடமொழியில் காவியம் இயற்றினர். விசயராகவ நாயக்கர் அவையில் இரங்காசம்மா தெலுங்கில் எழுதினார். தமிழ் நிலத்தின் நடுவில் வடமொழியும் தெலுங்கும், பின்னர் மராத்தியும் அரசவை மொழிகளாக இருந்தன என்பதைக் குறையாகக் கூறுவோர் உண்டு. தெருவில் தமிழ் இருந்தது. அவையில் நான்கு மொழிகள் இருந்தன. சந்தையில் ஒரு மொழி மட்டும் பேசிய காலம் காவிரிக்கரைக்கு என்றுமே இருந்ததில்லை. புகாரின் கடற்கரை விளக்குகளே அதற்குச் சான்று.

மராத்தியர் காலத்து உணவைப் பற்றிப் பேசும் எவரும் சாம்பாரின் பிறப்புக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. சாகசி மன்னரின் அடுக்களையில் சம்பாசியின் பெயரால் அக்குழம்பு தோன்றிற்று என்பது கதை. சுவையான கதை, அக்காலத்து ஆவணச் சான்று எதுவும் அதற்குக் காட்டப்படவில்லை. சான்றுள்ள செய்திகள் அதனினும் சுவையானவை. இரண்டாம் சரபோசியின் (1798–1832) அரண்மனைச் சமையலைக் கூறும் சரபேந்திர பாகசாத்திரம் சரசுவதி மகால் நூலகத்தின் மராத்திச் சுவடிகளுள் ஒன்று. மோடி எழுத்தில் எழுதப்பட்ட அரண்மனைக் கணக்குகளைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் மொழிபெயர்த்து வெளியிட்டுள்ளது. மன்னர்களின் வீரத்தைவிட மளிகைக் கணக்கு நகரத்தைப் பற்றி மிகுதியாகப் பேசும் என்பதை அத்தொகுதிகளைப் புரட்டுவோர் அறிவர்.

1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி ஆங்கிலக் கும்பினிக்குச் சென்றது. சரபோசிக்கு எஞ்சியவை கோட்டையும், ஓய்வூதியமும், சத்திரங்கள் சிலவும். அந்தச் சத்திரங்களை விட்டுவிடக் கூடாது என்று 1801-இல் அவர் கும்பினியின் ரெசிடெண்டுக்கு எழுதிய மடல் காவிரிப்படுகையின் உணவு வரலாற்றில் ஒப்பற்ற ஆவணம். இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கர்க்காக நிறுவப்பட்ட அச்சத்திரங்களில் பார்ப்பனர் முதல் பறையர் ஈறாக வருவோர் அனைவருக்கும் சோறு வழங்கப்படுகிறது. சமைத்த சோற்றை விரும்பாதவர்க்கு அரிசியும் பிற பொருள்களும் அளிக்கப்படுகின்றன. இவ்வழங்கல் நள்ளிரவுவரை தொடர்கிறது. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருப்பின் வருக என்று அறிவிக்கப்படுகிறது என அம்மடல் தெரிவிக்கிறது. நோயுற்ற வழிப்போக்கர்க்கு மருத்துவர், தாயற்ற குழந்தைக்குப் பால், வழியிலே இறந்தோர்க்கு ஈமக்கடன் என்ற ஏற்பாடுகளும் அதில் உள. மன்னரின் காதற்கிழத்தி முத்தாம்பாளின் நினைவாக ஒரத்தநாட்டில் 1802-இல் எழுந்த சத்திரம் இவ்வகையிற் பெரியது. மணமுடித்த அரசியாக அல்லாத ஒரு பெண்ணின் பெயர் பசித்தவர் வாயில் நிலைபெற்றது.

சோறு அனைவருக்கும் கிடைத்தது. அதனாலேயே அனைவரும் ஒருங்கிருந்து உண்டனர் என்று கொள்ளல் ஆகாது. சமைத்ததை ஏலாதவர்க்குத் தனியே அரிசி அளந்ததே சாதி அங்கேயும் காவல் நின்றதைக் காட்டும். எனினும் நள்ளிரவில் ஒரு மணியோசை தெருவுக்கு வந்து பசித்தவரைத் தேடியது என்பதும் உண்மையே.

சரபோசியின் அவையில்தான் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் சதிர்க் கச்சேரியின் நிரலை வகுத்தனர். கோட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயில் வளாகத்திலேயே தேவரடியார்களால் ஆண்டுதோறும் ஆடப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை அவ்வழக்கம் நீடித்தது. இராசராசேசுவர நாடகம் நடந்த அதே இடத்தில் ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் மற்றோர் அரசனின் பெயரால் மற்றொரு நாடகம். மெலட்டூரில் நரசிம்ம செயந்தியை ஒட்டி இரவு முழுவதும் நடந்த பாகவத மேளத்தில் பெண்வேடத்தையும் ஆடவரே தரித்தனர். ஒரே படுகையில், பெண்கள் மட்டுமே ஆடிய மேடையும் பெண்ணே ஏறாத மேடையும் சில காதத் தொலைவில் விடியும்வரை நடந்தன.

இரயில் ஏறிய இரவு

1855-இல் ஆண்வழி மரபின்றிச் சிவாசி மன்னர் மறையவே தஞ்சை அரசு முடிவுற்றது. அதற்கு முன்னரே வடிவேலு திருவிதாங்கூருக்கும் சின்னையா மைசூருக்கும் சென்றிருந்தனர். அரண்மனைப் பாபம்மாளின் வழிவந்த வீணை தனம்மாளும் (1867–1938), அவர் பேர்த்தி தஞ்சாவூர் பாலசரசுவதியும் (1918–1984) சென்னையில் புகழ்பெற்றனர்; ஊரின் பெயர் மட்டும் கூடவே சென்றது. 1860-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தையும் திருச்சியையும் தஞ்சை வழியாக இருப்புப்பாதை இணைத்தது. நெல்லும் வெற்றிலையும் வெண்கலப் பாத்திரமும் இரயிலேறின. கூத்தும் ஏறியது.

கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு ஒரு நாடகக் குழுவை நடத்தினார். ஆண்வேடமும் பெண்களே தரித்தனர். திருச்சி, மாயவரம் பக்கங்களிலிருந்து அவருடைய நாடகத்துக்கு வருவோருக்காகத் தனி இரயில் விடப்பட்டதென்றும், மக்கள் அதனைப் பாலாமணி ஸ்பெஷல் என்று அழைத்தனர் என்றும் நாடக வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. அரசன் அளந்த நெல் நின்றுபோன இடத்தில் நுழைவுச் சீட்டு வந்தது. இரவுக்கூத்தின் முதலாளியாக ஒரு பெண்ணே நின்றது இப்படுகையின் நெடிய வரலாற்றில் அரிய நிகழ்ச்சி. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் (1898–1956) நாயனத்தைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் பத்தில் ஒரு பங்குகூடப் பாலாமணியைப் பற்றி எழுதப்படவில்லை. பிள்ளையவர்களின் தோடி, சுவாமி புறப்பாட்டின் பின்னே தெருவெல்லாம் இரவை நீட்டித்தது என்பதில் ஐயமில்லை. அவர் பெற்ற புகழ் தகும். பாலாமணிக்கு வாய்த்த மறதிதான் தகாதது.

பெங்களூர் நாகரத்தினம்மாளின் (1878–1952) வரலாறு இவ்விழைகளையெல்லாம் ஒன்றாக முடிகிறது. பிரதாபசிம்மன் (1739–1763) காலத்துத் தஞ்சை அவைக் கணிகை முத்துப்பழனி தெலுங்கில் இயற்றிய இராதிகா சாந்தவனத்தை அவர் 1910-இல் முழுமையாகப் பதிப்பித்தார். ஒரு பெண் இவ்வாறு எழுதலாமா என்று முன்னரே சிலர் பழித்திருந்தனர். ஆங்கில அரசு அந்நூலை ஆபாசம் என்று தடைசெய்தது. 1940-களின் பிற்பகுதியிலேயே தடை நீங்கியது. ஆண்பாற் புலவர் பாடிய சிருங்காரம் பாடமாக இருந்த நாட்டில் பெண்பாற் புலவரின் சிருங்காரம் குற்றமாயிற்று. அதே நாகரத்தினம்மாள், திருவையாற்றில் கேட்பாரற்றுக் கிடந்த தியாகராசரின் (1767–1847) சமாதியில் தம் பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பி 1925-இல் குடமுழுக்குச் செய்வித்தார். ஆராதனையில் பாடும் உரிமை அப்போது ஆடவருக்கே இருந்தது. தாம் கட்டிய இடத்தில் தமக்குப் பாட இடமில்லை என்றானபோது அவர் பெண்களைத் திரட்டித் தனி ஆராதனை நடத்தினார். பிரிந்து நின்ற குழுக்கள் 1940-களின் தொடக்கத்தில்தான் ஒன்றிணைந்தன. இன்று சமாதியை நோக்கி அவருடைய சிலை இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. மாயவரத்தை அடுத்த மூவலூரில் வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) இம்மரபின் உள்ளிருந்தே வந்தவர். கலை என்ற பெயரால் சிறுமியர் பொட்டுக் கட்டப்பட்டு மிராசுதார்களுக்கு உரியவராக்கப்பட்டதை அவர் கண்டவர். 1936-இல் வெளிவந்த தாசிகளின் மோசவலை என்ற புதினத்தில் அதனை எழுதிக் காட்டினார். சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி 1927 முதல் போராடினார். நாகரத்தினம்மாள் போன்றோர் தம் கலையும் சொத்தும் பறிபோகும் என்று எதிர்த்தனர். 1947-இல் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. இருதரப்பும் பேசியது ஒரே தெருவைப் பற்றித்தான். பாலசரசுவதியின் கலையைக் கண்டு உருகுவோர் இராமாமிர்தத்தின் புதினத்தைப் படிக்காமல் விடுவதும், புதினத்தைப் போற்றுவோர் முத்துப்பழனியைப் புறந்தள்ளுவதும் பாதி வரலாறே ஆகும்.

இவ்விரவுகளுக்கெல்லாம் அடிநிலமாக இருந்தது நெல். தளிச்சேரிப் பங்கும் சத்திரத்துச் சோறும் மிராசுதாரின் சதிர்க் கச்சேரியும் சேற்றில் இறங்கியவர் உழைப்பில் விளைந்தவை. அவருக்கு அளக்கப்பட்ட கூலியைப் பாடிய பாட்டு அரிது. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட பூசலின் முடிவில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதுவும் இரவுதான். காவிரிப்படுகையின் இரவுகளைப் பட்டியலிடும் எந்த ஏடும் இந்த இரவை வேறொரு துறைக்கு உரியதென்று ஒதுக்கிவிட இயலாது.

இன்றைய தஞ்சையில் கீழவாசலும் அரண்மனையைச் சூழ்ந்த வீதிகளும் மாலையில்தான் நிறைகின்றன. தட்டும் ஓவியமும் தலையாட்டிப் பொம்மையும் நெட்டி வேலையும் புவிசார் குறியீடு பெற்றுப் பயணிகளின் பைகளில் ஊரைக் கடக்கின்றன. பலாமரத்தில் வீணை இழைப்போர் சிலர் எஞ்சியுள்ளனர். பூக்காரத் தெருவில் மல்லிகையும் மருக்கொழுந்தும் சேர்த்துக் கட்டும் கதம்பத்துக்கு ஊரின் பெயரே அடைமொழி. திருவையாற்று அசோகா அல்வாவுக்காக ஆற்றைக் கடந்து செல்வோர் இன்றும் உளர்.

2010 செப்டம்பரில் பெரிய கோயிலின் ஆயிரமாம் ஆண்டு கொண்டாடப்பட்டபோது வளாகத்தில் ஆயிரம் பரதக் கலைஞர்கள் ஒருங்கே ஆடினர். நாட்டின் பல திசைகளிலிருந்தும் தாமாக வந்தவர்கள் அவர்கள். அவர்கள் ஆடிய வெளியைச் சூழ்ந்த கற்களில், வீட்டு எண்ணும் ஊர்ப்பெயரும் தாங்கி, நக்கன் என்ற அடைமொழியோடு அந்த நானூறு பெயர்கள் இருக்கின்றன. அப்பெண்கள் ஆடிய பாட்டு எதுவும் கல்லில் இல்லை. அவர்கள் ஏறிய அரங்கின் அளவும் இல்லை. தெற்குச் சிறகில் எத்தனையாவது வீட்டில் யார் இருந்தாள் என்பது மட்டும் தெளிவாகப் படிக்கக் கிடைக்கிறது. அந்த வீடுகள் நின்ற இடத்தில் இப்போது வேறு தெருக்கள், வேறு விளக்குகள்.